ஒன்று, இரண்டு, நான்கு... அப்புறம்?

கணக்குப் பாடத்தால் ஒரு கல்யாணப் பேச்சு முறிந்து போகுமா? போன மாதம் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது சிரிக்க மாட்டேன்.

நடந்தது கறம்பக்குடியில், என் அக்கா வீட்டில். ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகள் நிவேதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். தனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று அக்கா போனில் புலம்ப, நானும் என் மகள் யாழினியும் காலையிலேயே புதுக்கோட்டையில் ஆலங்குடி வழி பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கிவிட்டோம்.

யாழினி நாலாம் வகுப்பு. திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய ஒர்க்‌ஷீட்டை ஞாயிறு சாயங்காலம் வரை தள்ளிப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். (அவள் அம்மாவும் இந்தப் பத்தியை அப்படித்தான் எழுதுகிறாள் - பத்திரிகை ஆசிரியர் இந்த வரியைப் படிக்காமல் இருக்கக் கடவது.) ஆகவே அந்த ஒர்க்‌ஷீட்டும் எங்களோடு பஸ் ஏறி வந்தது. வினையும் கூடவே வந்தது.

நிவேதாவைப் பற்றி ஒரு வார்த்தை. எம்.எஸ்ஸி. மேத்ஸ், பி.எட். படித்தவள். அதே ஊரில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறாள். இதற்கு முன் வந்த ஒரு வரன், கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடச் சொன்னது. இவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். இன்னொரு வீட்டில் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று சொன்னவள், அதோடு நிறுத்தாமல் மாப்பிள்ளையைப் பார்த்து "உங்களுக்கு?" என்று கேட்டு வைத்தாள். 'பொண்ணு ரொம்பப் பேசுது' என்று தரகர் மூலம் தகவல் வந்தது.

அதனால் இந்த முறை அக்கா சட்டமே போட்டிருந்தாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். அதுவும் சுருக்கமாக. கூடவே சிரிப்பு - பல் தெரியாமல்.

மாப்பிள்ளை பெயர் சரவணன். குவைத்தில் சைட் என்ஜினீயர். லீவில் வந்திருந்தார். குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒரு ஊர்க்காரர். சின்ன வயதிலேயே அப்பா தவறிவிட, தாய்மாமன்தான் வளர்த்து, படிக்க வைத்து, விமானமும் ஏற்றிவிட்டவர். போர்வெல் வண்டி வைத்திருக்கிறார். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான் என்று தரகர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

வந்தார்கள். சரவணன், அவர் அம்மா, அந்தத் தாய்மாமன், கூடவே தரகர். நிவேதா காபி கொடுத்தாள். பல் தெரியாமல் சிரித்தாள். கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொன்னாள். அக்கா முகத்தில் நிம்மதி.

அப்புறம்... அந்த மௌனம் வந்தது. பெண் பார்க்கும் வீடுகளில் ஒரு கட்டத்தில் வருமே - மழை, விலைவாசி, பஸ் வசதி எல்லாம் பேசி முடித்து, இனி என்ன பேசுவது என்று எல்லோரும் ஃபேனைப் பார்ப்பார்களே - அது.

கூடத்தின் மூலையில் யாழினி தரையில் குப்புறப் படுத்து ஒர்க்‌ஷீட் போட்டுக்கொண்டிருந்தாள். மாமன் கண்ணில் அவள் பட்டாள். "பாப்பா, இங்கிட்டு வா. என்ன படிக்கிற?"

அவள் தாளோடு போய் நின்றாள். ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். மாமன் கண்ணாடியை ஏற்றிவிட்டு உரக்கப் படித்தார். ஒன்று, இரண்டு, நான்கு - பக்கத்தில் ஒரு காலிக் கட்டம். அடுத்த எண் என்ன?

"இது ஒரு கணக்கா? எட்டு" என்றார். பிறகு, மருமகனின் பெருமையைக் காட்ட ஒரு வாய்ப்பு கிடைத்த சந்தோஷத்தில், சரவணன் பக்கம் தாளை நீட்டினார். "என்ன மாப்ள, நீ சொல்லு."

சரவணன் தாளைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். மாமன் முகத்தைப் பார்த்தார். "எட்டுதான்" என்றார்.

கணக்கில் மாப்பிள்ளை சின்ன வயதிலிருந்தே புலி என்று மாமன் அறிவித்தார். அக்காவும் அத்தானும் ஆமோதித்தார்கள். பெண்ணும் மேத்ஸ், மாப்பிள்ளையும் மேத்ஸில் புலி... பொருத்தம் பிரமாதம் என்று தரகர் எடுத்துக் கொடுத்தார். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

யாழினி தாளைத் திரும்ப வாங்கவில்லை. அப்படியே நின்றாள். தனக்கு ஐந்து என்றுதான் வருகிறது என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். குழந்தையின் தலையைத் தட்டி, "அஞ்சு எப்படிம்மா வரும், எட்டுன்னு எழுது" என்று மாமன் சொல்ல, தரகர் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தார். யாழினிக்குக் கீழுதடு பிதுங்கியது. அழுகை வரப்போகிறது என்று பெற்றவளுக்குத் தெரியாதா? எழுந்து போய் அழைத்து வரலாம் என்று நான் நினைக்கும்போதே, நிவேதாவின் குரல் கேட்டது.

"அஞ்சும் சரிதான்."

அக்கா நிவேதாவையே உற்றுப் பார்த்தாள். பார்வைக்குக் கிள்ளும் சக்தி இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் தொடை கன்றிப் போயிருக்கும்.

ஐந்து எப்படி வந்தது என்று நிவேதா கேட்க, யாழினி மூக்கை உறிஞ்சிக்கொண்டே விளக்கினாள். ஒன்றிலிருந்து ஒரு கட்டம் தாவினால் இரண்டு. அங்கிருந்து இரண்டு கட்டம் தாவினால் நான்கு. மறுபடியும் ஒரு கட்டம் தாவினால் ஐந்து. அடுத்து இரண்டு கட்டம், அப்புறம் ஒன்று... இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம். அவள் அதைத் தரையில் தாவியே காட்டினாள்.

யோசித்துப் பார்த்தால் சரிதானே? எங்கே தப்பு இருக்கிறது? நான் சிரித்தது எனக்கே கூச்சமாக இருந்தது.

மாமன் மட்டும் அசையவில்லை. "அப்ப எட்டு தப்பாம்மா?" என்றார் நிவேதாவிடம்.

எட்டும் சரிதான் என்றாள். ஒவ்வொன்றையும் இரட்டிப்பாக்கினால் எட்டு. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கணக்கு டீச்சராயிற்றே, பாதியில் நிறுத்த வருமா? முதலில் ஒன்று கூட்டி, அடுத்து இரண்டு கூட்டி, அடுத்து மூன்று கூட்டினால் ஏழு. அதுவும் சரி என்றாள். மூன்று எண்களை மட்டும் கொடுத்துவிட்டு நான்காவதைக் கேட்டால் இப்படித்தான் ஆகும், கேள்வியில்தான் குறை என்றும் சொன்னாள்.

மாமன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு கேள்விக்கு ஒரு பதில்தாம்மா இருக்கணும். ரெண்டு மூணு இருந்தா வீடு வெளங்காது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கிளம்பினார்கள். சரவணன் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவர் அம்மா வந்ததிலிருந்து பேசியது மொத்தமாகப் பத்து வார்த்தை இருக்கும். போகும்போது யாழினியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். மாமன்தான் சொன்னார் - "வீட்டுல கலந்துக்கிட்டு போன் பண்றோம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

அதற்குப் பிறகு அக்கா வீட்டில் நடந்ததை விரிவாக எழுதினால் அக்கா என்னோடு பேச மாட்டாள். சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் குற்றவாளி நான், ஒர்க்‌ஷீட்டைக் கொண்டு வந்ததற்காக. இரண்டாவது குற்றவாளி நிவேதா. ஒரு எட்டை எட்டாகவே விட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று அக்கா கேட்டாள். நல்ல பையன், நல்ல வேலை, வேலையை விடச் சொல்லாத குடும்பம்... எல்லாம் போயிற்றே என்று அழுதாள்.

நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது நிவேதா என்னிடம் சொன்னாள். "அவ அழுறா சித்தி. சரியாப் போட்டுட்டு அழுறா. நான் எப்பிடி வாயை மூடிக்கிட்டு நிக்கிறது?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது.

திங்கட்கிழமை யாழினி ஐந்து என்றே எழுதிக்கொண்டு போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது ஐந்தின் மேல் சிவப்பு மை குறுக்குக்கோடு, பக்கத்தில் எட்டு. எப்படி என்று மிஸ்ஸிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லப் போனாளாம். அதற்குள் அடுத்த பீரியடுக்கு மணி அடித்துவிட்டதாம்.

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. ஒர்க்‌ஷீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள் - "இனிமே மிஸ் கேட்டா எட்டும்மா. எனக்கு மட்டும் அஞ்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிழைக்கத் தெரிந்த பெண் என்று அவள் அப்பாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஆமாம், பெருமைதான் பட்டேன்.

புதன்கிழமை அக்காவுக்குப் போன் வந்தது. மாமன் அல்ல, சரவணனின் அம்மா. அக்கா பதற்றத்தில் நலம் விசாரிக்கவே மறந்துபோனாள். அந்த அம்மா எடுத்த எடுப்பில் கேட்டது இதுதான் - அன்றைக்கு அழுத பாப்பாவுக்கு டீச்சர் ரைட் போட்டாரா? ஒரு பிள்ளை அழும்போது, தன்னைப் பார்க்க வந்தவர்களைக்கூட மறந்து பேசிய பெண்ணைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்றாராம். மகன் நிவேதாவோடு பேச ஆசைப்படுகிறான், நம்பர் கொடுக்கலாமா என்றும் கேட்டாராம். மாமனைப் பற்றி அக்கா கேட்டதற்கு, அண்ணன் இன்னும் எட்டிலேயே நிற்கிறார் என்று சிரித்தாராம்.

அக்கா எனக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை சொன்னதையெல்லாம் அப்படியே திருப்பிப் போட்டுப் பேசினாள். நல்லவேளை நீ ஒர்க்‌ஷீட்டைக் கொண்டு வந்தாய் என்றாள். நான் தீர்ப்பை ஏற்றுக்கொண்டேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் சௌகரியம். முடியவில்லை.

மறுநாள் சரவணன் நிவேதாவோடு பேசினார். பேசிய பிறகு அவள் சம்மதம் சொல்லவில்லை. யோசிக்க வேண்டும் என்றாள். அக்கா மறுபடி அடுப்பில் விழுந்த உப்பாகப் பொரிந்தாள். என்னவென்று விசாரிக்கும் பொறுப்பு சித்திக்கு வந்தது.

நிவேதா போனில் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"அன்னைக்குத் தாளைப் பாத்ததும் அவருக்கு ஏழுதான் தோணுச்சாம் சித்தி. அவங்க மாமா எட்டுன்னு சொல்லிட்டாருன்னு இவரும் எட்டுன்னுட்டாராம். அதை அவரே சொல்றாரு."

உண்மையை ஒப்புக்கொண்ட பிள்ளை, நல்லதுதானே என்றேன்.

"நல்லதுதான். ஆனா தோணுறது ஒண்ணு, சொல்றது ஒண்ணுன்னு முப்பது வயசு வரைக்கும் இருந்துட்டாரே. நாளைக்கு என் விஷயத்துல மாமா எட்டுன்னா?"

நான் என்னவோ சமாதானம் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்தவளுக்குச் சுரீர் என்றது. 'மிஸ் கேட்டா எட்டும்மா. எனக்கு மட்டும் அஞ்சு.'

என் வீட்டிலும் ஒரு சரவணன் தயாராகிக்கொண்டிருக்கிறது. ஒன்பது வயதில். நான் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

நம்மில் எத்தனை பேர் இப்படி? ஆபீஸில் மேனேஜர் சொன்னால் எட்டு. சம்பந்தி சொன்னால் எட்டு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியவர் ஒருவர் போட்டால் கைகூப்பும் பொம்மையோடு எட்டு. மனசுக்குள் மட்டும் ஏழு, ஐந்து, இன்னும் என்னென்னவோ. பெரியவர்கள் மேல் மரியாதை என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். மரியாதைதானா அது?

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

யாழினியின் கணக்கு மிஸ் ஸ்டெல்லா. ஆவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற இளம்பெண். (பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்கு அனுமதியும் வாங்கிவிட்டேன்.) என்னைக் கண்டதும் அவருக்கு முகம் வெளுத்தது. பத்திரிகையில் எழுதுகிற அம்மா ஒர்க்‌ஷீட்டோடு வந்து நின்றால் யாருக்குத்தான் வெளுக்காது?

சண்டைக்கு வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மூன்று விடைகளையும் தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். அவர் பார்த்தார். ஆன்சர் கீயில் எட்டு என்றுதான் இருக்கிறது, பரீட்சைத் தாளையும் அதை வைத்துத்தான் திருத்த வேண்டும், ஐந்துக்கு மார்க் போட்டால் எட்டு எழுதிய பிள்ளைகளின் பெற்றோர் வந்து நிற்பார்கள் என்றார். எல்லாமே நியாயம். மார்க் வேண்டாம் என்றேன். அவள் மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் ஒன்றைச் சொல்லப் பழகுகிறாள், அது ஒன்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன்.

ஸ்டெல்லா மிஸ் பேனா முனையால் ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து என்று ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"அஞ்சு எப்பிடி வருதுன்னு நான் கேக்கவே இல்ல மேடம். கேட்டிருக்கணும்."

இதைச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்? நான் அந்த இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பேனா? சந்தேகம்தான்.

நிவேதா கதைக்கு வருகிறேன். அவள் இரண்டு நாள் யோசித்தாள். அந்த இரண்டு நாளும் குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து தரகருக்குப் போன் மேல் போன். வழக்கமாகப் பெண் வீட்டார் காத்திருப்பார்கள் - இப்போது அவர்கள். அப்புறம் அவளே சரவணனைக் கூப்பிட்டாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள். அடுத்த தடவையும் மாமா எட்டு என்றால் எட்டுதானா?

அவர் சினிமா வசனம் எதுவும் பேசவில்லை. "மாமா முன்னாடி எனக்குக் கொஞ்சம் கஷ்டம்தாங்க. அவரு இல்லேன்னா நான் இல்ல. ஆனா பழகிக்கிறேன்" என்றாராம்.

பழகிக்கொண்டேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன் சித்தி, பழகிக்கிறேன் என்றதால் நம்புகிறேன் என்றாள். சம்மதம் சொல்லிவிட்டாள்.

போன வாரம் பூ வைக்க வந்தார்கள். கூடம் நிறைய சொந்தக்காரர்கள், தட்டு, வெற்றிலை, பழம். கல்யாணத் தேதி பற்றிப் பேச்சு வந்தது. தன் போர்வெல் வேலைகளை அனுசரித்து மாமன் ஒரு தேதியைச் சொன்னார். சரிதானே மாப்ள என்று சரவணனைப் பார்த்தார்.

அந்தத் தேதி நிவேதாவின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பொதுத் தேர்வுக்கு நடுவில் வருகிறது. அவளுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சரவணன் கையிலிருந்த வெற்றிலையைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"மாமா... அப்ப அவங்களுக்குப் பரீட்சை. முடிஞ்ச பிறகு வச்சுக்குவோம். நான் லீவை மாத்திக்கிறேன்."

கெட்டியான குரல் இல்லை. கடைசி வார்த்தை பாதி உள்ளேயே போய்விட்டது. ஆனால் சொல்லிவிட்டார்.

மாமன் மருமகனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. அப்புறம் நிவேதாவைப் பார்த்தார். பரீட்சை எப்போது முடிகிறது என்று அவளிடமே கேட்டார். அவள் சொன்னாள் - சுருக்கமாகத்தான். அதற்குப் பிறகு வருகிற முகூர்த்த நாட்களைக் காலண்டரில் தேடச் சொல்லித் தரகரை விரட்டினார். அவ்வளவுதான். பெரிய மாற்றம் எதுவும் அவர் முகத்தில் தெரியவில்லை. ஆனால் சாப்பிடும்போது, தன் மருமகனுக்கு இப்படிப் பேச வரும் என்று தனக்கே தெரியாது என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வருத்தமா, பெருமையா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது?

நிவேதா இந்த முறை பல் தெரியச் சிரித்தாள். அக்கா தடுக்கவில்லை.

நேற்று ஸ்டெல்லா மிஸ்ஸிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதே கணக்கை போர்டில் எழுதி, வேறு விடை இருந்தால் காரணத்தோடு சொல்லலாம் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார். யாழினி எழுந்து முன்னால் வந்து தாவிக் காட்டினாளாம். ஒரு பையன் ஏழு சொன்னானாம். ஒரு பெண் மறுபடியும் ஒன்று என்றாளாம் - மூன்று எண்ணும் வட்டமாகச் சுற்றுகிறதாம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் மூன்று என்றானாம். காரணம் கேட்டதற்கு, "மூணு லேட்டா வருது மிஸ், பஸ்ஸை விட்டுருச்சு" என்றானாம்.

எல்லாம் சந்தோஷம்தான் மேடம், ஒரே ஒரு பிரச்சினை என்று முடித்திருந்தார். இப்போது வகுப்பில் ஒருத்தர்கூட எட்டு என்று சொல்ல மாட்டேன் என்கிறார்களாம்.

பாவம், எட்டு... அதுவும் சரியான விடைதானே!